அத்தியாயம் 5: வீட்டிலேயே தங்கும் நெட்

வடசென்னையில் பிள்ளைக்கு நெட் இல்லை என்று சொல்லும் வீட்டில் பெரும்பாலும் ஸ்மார்ட்போன் இருக்கும். டேட்டாவும் போட்டிருப்பார்கள். ஆனால் அந்தப் போன் அப்பாவுடையது. காசிமேட்டில் மீன் ஏலத்துக்குப் போகிறவர் விடிவதற்கு முன்பே அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுகிறார். துறைமுகத்துக்கு டிரெய்லர் ஓட்டுபவர் எண்ணூர் நெடுஞ்சாலையில் வரிசையில் நின்றுவிட்டு எப்போது திரும்புவார் என்று சொல்ல முடியாது. அம்மாவின் போன் சவுகார்பேட்டைக்கு வீட்டுவேலைக்கு அவரோடு போய்விடுகிறது. பள்ளி விட்டு வந்த பிள்ளை கை காலைக் கழுவிக்கொண்டு உட்காரும்போது வீட்டில் போன் இல்லை. இரவு எட்டு, ஒன்பது மணிக்குப் போன் வந்து சேரும்போது அன்றைய 1.5 ஜிபியில் மிச்சம் எவ்வளவோ, அவ்வளவுதான் அந்தப் பிள்ளையின் நெட்.

ஆகவே மூலக்கொத்தளம், பழைய வண்ணாரப்பேட்டை, ராயபுரம் பகுதிக் குடும்பங்களுக்கு இந்த நூல் சொல்வது இதுதான்: பிள்ளைக்கு வேண்டியது வீட்டை விட்டு வெளியே போகாத நெட். வேகமும் ஜிபி அளவும் அதற்கு அடுத்தவை. கையில் இருக்கிற பணத்தில் அதை எப்படி வாங்குவது, எங்கே ஏமாறாமல் இருப்பது, வாங்கவே முடியாவிட்டால் யாரிடம் போய்க் கேட்பது என்பவற்றை இங்கே பார்ப்போம்.

முதலில் கருவி

ஃபைபர் இணைப்பு கொடுத்துவிட்டு, அதைப் பயன்படுத்த வீட்டில் ஒரு கருவியும் இல்லாமல் பாக்ஸில் பச்சை விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருக்கும் வீடுகள் உண்டு. 2017-18இல் எடுக்கப்பட்ட தேசிய மாதிரி ஆய்வின் 75ஆம் சுற்று, இந்திய நகரங்களில் 42 சதவீத வீடுகளுக்கு இணைய வசதி இருக்கிறது என்றது. கணினி இருந்த நகர வீடுகளோ 23.4 சதவீதம்தான். அதற்குப் பிறகு நிலைமை மாறியிருக்கிறது. ஆனாலும் நெட்டைவிடக் கருவிதான் பெரிய தடை என்பது இந்தப் பகுதியில் இன்றும் உண்மை.

புதிதாக எதையும் வாங்குவதற்கு முன் வீட்டுப் பரணைப் பாருங்கள். உங்கள் வீட்டில் இல்லாவிட்டால் அத்தை வீட்டில், பெரியம்மா வீட்டில் விசாரியுங்கள். 2011 செப்டம்பர் 15இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி மாணவர்களுக்கு லட்சக்கணக்கில் லேப்டாப் கொடுக்கப்பட்டது. அப்போது பிளஸ் டூ படித்த அக்காவோ சித்தப்பாவோ வேலைக்குப் போய்விட்டார்கள். லேப்டாப் பேட்டரி போய், ஆன் ஆகவே பத்து நிமிடம் ஆகிற நிலையில் துணிப்பையில் கிடக்கிறது. அது செத்துப்போகவில்லை. ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி போட்டு, ராம் கொஞ்சம் ஏற்றினால் எழுந்துவிடும். ரிச்சி தெருவில் இந்த வேலையைச் செய்து தருகிறார்கள். பேட்டரி மாற்ற வேண்டாம். சார்ஜரிலேயே போட்டு ஓட்டலாம். விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14ஓடு இலவசப் பாதுகாப்பு ஆதரவை நிறுத்திவிட்டது; பழைய லேப்டாப்பில் 11 பெரும்பாலும் ஏறாது. எனவே லினக்ஸ் போடச் சொல்லுங்கள். லுபுன்டு, மின்ட் இரண்டும் இலவசம். தமிழ்த் தட்டச்சும் உண்டு. ஒரு பிள்ளை பாடம் பார்க்க, தேட, எழுத இது போதும். போனின் சின்னத் திரையில் அறிவியல் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்ப்பதைவிட எவ்வளவோ மேல்.

லேப்டாப் கிடைக்கவில்லையென்றால் அப்பாவின் பழைய ஸ்மார்ட்போன் ஒன்று திரையில் கீறலோடு எங்காவது கிடக்கும். சிம் வேண்டாம். வீட்டில் வைஃபை இருந்தால் சிம் இல்லாத போனும் முழுசாக வேலை செய்யும். இதைப் பலர் யோசிப்பதே இல்லை. பர்மா பஜாரில் பழைய போன் வாங்கப் போகிறவர்கள் இரண்டு காரியத்தை மறக்க வேண்டாம். ஒன்று, ரசீது. இரண்டாவது, வாங்குவதற்கு முன்பே ஐஎம்இஐ எண்ணை அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் போட்டுப் பார்ப்பது. திருட்டுப் போன் என்று முடக்கப்பட்டிருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கிவிட்டுப் பிறகு காவல் நிலையத்தில் நிற்கும் நிலை எந்தப் பிள்ளையின் படிப்புக்கும் வேண்டாம்.

28 நாள் கணக்கு

மொபைல் ரீசார்ஜ் செய்கிறவர்கள் அதை மாதச் செலவாக நினைக்கிறார்கள். அது மாதம் இல்லை, 28 நாள். வருடத்துக்கு 12 முறை என்று மனசில் போட்டு வைத்திருக்கும் செலவு உண்மையில் 13 முறை வருகிறது.

2024 ஜூலையில் நிறுவனங்கள் விலையை ஏற்றியபோது, நாளுக்கு 1.5 ஜிபி தரும் 28 நாள் பேக் ஜியோவில் 299 ரூபாய் ஆனது. அதை வைத்தே கணக்குப் போடுவோம். விலை மாறினால் புதிய எண்ணைப் போட்டு நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம், முறை ஒன்றுதான். ஒரு போனுக்கு வருடத்துக்கு 299 பெருக்கல் 13, அதாவது 3,887 ரூபாய். அப்பா, அம்மா இரண்டு போனுக்கும் 7,774.

இப்போது ஃபைபர். ஜியோ 2020 செப்டம்பரில் 30 எம்பிபிஎஸ் வேகத்துக்கு 399 ரூபாய் என்று தொடங்கியது. பிஎஸ்என்எல் அதே வேகத்துக்கு 449, ஏர்டெல் 40 எம்பிபிஎஸ்க்கு 499 என்று வந்தன. விளம்பரத்தில் வரும் இந்த எண்களில் ஜிஎஸ்டி சேராது. மொபைல் ரீசார்ஜில் வரி உள்ளேயே இருக்கும்; ஃபைபர் பில்லில் 18 சதவீதம் தனியாக ஏறும். 399 என்பது கையில் இருந்து போகும்போது 471. வருடத்துக்கு ஏறத்தாழ 5,650 ரூபாய்.

இரண்டையும் முழுசாக வைத்துக்கொள்ள முடியாது. வீட்டில் ஃபைபர் வந்தபிறகு போன்களுக்குப் பேசுவதற்கும் அவசரத்துக்கும் மட்டும் சிறிய பேக் போதும். 28 நாளுக்கு 200 ரூபாய்க்குள் இருக்கும் பேக்குகளை நிறுவனங்கள் விளம்பரத்தில் முன்னால் நிறுத்துவதில்லை. கடைக்காரரும் தானாகச் சொல்லமாட்டார். கேட்டு வாங்க வேண்டும். 199 என்று வைத்தால் இரண்டு போனுக்கும் வருடத்துக்கு 5,174. ஃபைபரையும் சேர்த்தால் 10,824. முன்பு செலவழித்ததைவிட 3,050 ரூபாய் அதிகம். நாளுக்கு எட்டு ரூபாய் சொச்சம். அதற்குக் கிடைப்பது என்ன? முன்பு இரண்டு போனிலும் சேர்த்து 28 நாளுக்கு 84 ஜிபி. இப்போது வழக்கமான மாத வரம்பான 3,300 ஜிபி. அதுவும் பிள்ளை வீட்டில் இருக்கும் நேரமெல்லாம்.

எட்டு ரூபாய் என்று நான் எழுதுவது எளிது. தினக்கூலிக் குடும்பத்துக்குத் தடையாக நிற்பது அந்த எட்டு ரூபாய் இல்லை. முதல் நாளில் மொத்தமாகக் கேட்கும் பணம்தான். மாதாமாதம் கட்டுகிறேன் என்றால் நிறுவல் கட்டணம், டெபாசிட் என்று ஆயிரத்தைத் தாண்டிக் கேட்பார்கள். ஆறு மாதத்துக்கு முன்பணம் கட்டினால் நிறுவல் இலவசம் என்பார்கள். 399 பிளானுக்கு அந்த ஆறு மாதத் தொகை வரியோடு 2,825 ரூபாய். கையில் சேமிப்பு இருக்கிறவருக்குச் சலுகை, இல்லாதவருக்குக் கூடுதல் கட்டணம். இந்த அமைப்பு ஏழைக் குடும்பத்துக்கு அநியாயம் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அதை மாற்றும்வரை செய்யக்கூடியது, இந்த ஒரு தொகையைத் திரட்டுவது. மகளிர் சுய உதவிக் குழுவில் உள்கடன் எடுக்கலாம். குழுக் கடனைப் படிப்புக்கு எடுப்பது முறையான காரணம்தான். 2023 செப்டம்பரில் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகை வரும் வீடாக இருந்தால் மூன்று மாதத் தொகையில் ஆறு மாத நெட் வந்துவிடும். வட்டிக்காரரிடம் மட்டும் வாங்காதீர்கள். நாள் வட்டியில் வாங்கிப் போட்ட நெட் பள்ளி ஆண்டு முடிவதற்குள் துண்டிக்கப்பட்டுவிடும்.

மொபைல் டேட்டாவிலேயே ஓட்ட வேண்டிய வீடுகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். யூடியூபில் ஒரு மணி நேர வீடியோ 720பி தரத்தில் 1 ஜிபிக்கு மேல் எடுக்கும், 480பியில் பாதிதான், 360பியில் இன்னும் குறைவு. கரும்பலகைப் பாடத்துக்கு 360பி தாராளம். செட்டிங்ஸில் போய் டேட்டா சேவரை ஒருமுறை வைத்துவிட்டால் 1.5 ஜிபியில் இரண்டு பிள்ளைகள் படித்துவிடலாம். தானாக ஓடும் ஷார்ட்ஸ், ஸ்டேட்டஸ் வீடியோக்கள்தான் டேட்டாவைத் தின்கின்றன; வாட்ஸ்அப்பில் தானாக டவுன்லோடு ஆவதை நிறுத்திவிடுங்கள்.

வாரியக் குடியிருப்பில் ஒயர் இழுக்கும்போது

1970இல் குடிசை மாற்று வாரியம் என்று தொடங்கி, 2021இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறிய வாரியத்தின் குடியிருப்புகளில்தான் இந்தப் பகுதியில் பலர் வசிக்கிறார்கள். ஊரில் இன்றும் அது ஹவுசிங் போர்டுதான். அங்கே நெட் வாங்கும்போது வரும் முதல் சிக்கல் முகவரிச் சான்று. குடிசை இருந்த இடத்தின் முகவரியே ஆதாரில் இருக்கும். புது வீட்டுக்கு மாறி வருடங்கள் ஆகியும் மாற்றியிருக்கமாட்டார்கள். ஒதுக்கீட்டு ஆணை பாட்டியின் பெயரில் இருக்கும். இணைப்புக் கேட்கப் போவதற்கு முன் ஆதார் முகவரியை மாற்றிவிடுங்கள். குடும்பத் தலைவரின் ஒப்புதலோடு மற்ற உறுப்பினர்கள் ஆன்லைனிலேயே முகவரியை மாற்றிக்கொள்ள 2023 ஜனவரியில் வழி செய்யப்பட்டது. வீட்டில் ஒருவருடையது சரியாக இருந்தால் மற்றவர்களுடையதைச் சரிசெய்வது இப்போது சுலபம்.

வாடகைக்கு இருப்பவர்களுக்குச் சான்று கிடைப்பது கடினம். வீட்டுக்காரர் எழுத்தில் எதையும் தரத் தயங்குவார். அவர் பெயரிலேயே இணைப்பு எடுத்து நீங்கள் பணம் கட்டலாம். ஆனால் ரசீதும் ஓடிபி வரும் எண்ணும் யாரிடம் இருக்கும் என்பதை முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். அந்த இணைப்பில் நடக்கும் எதற்கும் பெயர் கொடுத்தவர்தான் பொறுப்பாளி என்பதையும் அவரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

அடுத்தது ஒயர். பிளாக்குக்கு ஒரு கேபிள்காரர் என்று எழுதப்படாத வழக்கம் பல இடங்களில் உண்டு. அவரே ஏதாவது ஒரு நிறுவனத்தின் நெட்டையும் எடுத்து விற்கலாம். அது நல்லதாகவே இருந்தாலும் அவர் சொல்லும் விலையை நிறுவனத்தின் இணையதளத்தில் இருக்கும் விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பில் உங்கள் பெயரில், நிறுவனத்தின் பெயரோடு வர வேண்டும் என்று கேளுங்கள். பில் இல்லாத நெட் பழுதானால் புகார் கொடுக்க இடம் கிடையாது. ஃபைபர் ஒயர் மெல்லியது. மடங்கினால் உள்ளே கண்ணாடி உடைந்துவிடும். மாடிப்படிச் சுவரில் தொங்கவிடாமல் குழாய்க்குள் விட்டு இழுக்கச் சொல்லுங்கள். எலி கடிப்பது, வெள்ளையடிக்கும்போது வெட்டிவிடுவது, சமையல் எரிவாயு உருளை தூக்கி வரும்போது இழுபடுவது: இந்தக் குடியிருப்புகளில் நெட் போவதற்குக் கோபுரத்தையும் சர்வரையும்விட இவைதான் காரணம்.

ஒயர் இழுக்க வழியே இல்லாத பிளாக்கில் 5ஜி அலைவழி வரும் இணைப்பைப் பார்க்கலாம். ஜியோ ஏர்ஃபைபர் 2023 செப்டம்பரில் வந்தது. 30 எம்பிபிஎஸ்க்கு 599 ரூபாய், வரி தனி. ஃபைபரைவிட விலை கூடுதல் என்பதால் இதை இரண்டாவது வழியாகத்தான் வைக்கிறேன்.

பாக்ஸை எங்கே வைப்பது என்று பெரிதாக யோசிக்க வேண்டியதில்லை. நானூறு சதுர அடி வீட்டில் எங்கே வைத்தாலும் எட்டும்; அடுப்படியின் சூட்டுக்கும் தண்ணீருக்கும் தள்ளி, பிள்ளை படிக்கும் மூலைக்குப் பக்கத்தில் வைத்தால் சரி. மின்சாரம் ஏறிவிடும் என்று இரவில் பிடுங்கிவைப்பவர்கள் உண்டு. பத்து வாட் எடுக்கும் பாக்ஸ் 60 நாள் இடைவிடாமல் ஓடினாலும் 14 யூனிட் சொச்சம்தான் ஆகும். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசமாகக் கிடைக்கும் வீட்டில் அது பெரிய சுமை இல்லை.

மழைக்காலத்துக்குத் தனியாக ஏற்பாடு வேண்டும். 2023 டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயல் வந்தபோது வடசென்னையில் பல தெருக்களில் நாள்கணக்கில் மின்சாரமும் இல்லை, டவரும் இல்லை. எண்ணூர் பக்கம் வெள்ளத்தோடு எண்ணெயும் வீட்டுக்குள் வந்தது. நவம்பர் பிறப்பதற்குள் அரையாண்டுத் தேர்வுப் பாடங்களை டவுன்லோடு செய்து கருவியிலேயே வைத்துவிடுங்கள். பாடநூல் முழுவதும் பிடிஎஃப் ஆகக் கிடைக்கிறது. 2018இல் வந்த புதிய பாடநூல்களில் இருக்கும் கியூஆர் குறியை திக்‌ஷா செயலியில் காட்டினால் வரும் பாடங்களையும் இறக்கிவைத்துக்கொள்ளலாம்.

ஒரு தளத்துக்கு ஒரு இணைப்பு

30 எம்பிபிஎஸ் என்பது ஒரு வீட்டுக்கு அதிகம். 480பி வீடியோவுக்கு ஒன்று, ஒன்றரை எம்பிபிஎஸ் போதும். ஒரே நேரத்தில் பத்துப் பிள்ளைகள் பாடம் பார்த்தாலும் தாங்கும். அப்படியிருக்க, ஒரே தளத்தில் எதிரும் புதிருமாக இருக்கும் பத்து வீடுகள் ஏன் தனித்தனியாக 471 ரூபாய் கட்ட வேண்டும்?

பாஸ்வேர்டைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துக் காசு வாங்குவதை நிறுவனங்களின் நிபந்தனைகள் அனுமதிப்பதில்லை. யாரோ ஒருவர் தவறாகப் பயன்படுத்தினால் இணைப்பு வைத்திருப்பவர் வீட்டு வாசலுக்குத்தான் விசாரணை வரும். சட்டப்படி செய்ய வழி இருக்கிறது. மத்திய அமைச்சரவை 2020 டிசம்பர் 9இல் ஒப்புதல் அளித்த பிஎம்-வாணி திட்டத்தில், டீக்கடைக்காரரோ மளிகைக்கடைக்காரரோ ‘பொதுத் தரவு அலுவலகம்’ என்ற பெயரில் வைஃபை விற்கலாம். அதற்கு உரிமம் வேண்டாம், பதிவுக் கட்டணமும் கிடையாது. தொலைத்தொடர்புத் துறையில் பதிவு செய்த ஒரு ஒருங்கிணைப்பு நிறுவனத்தோடு சேர்ந்து, அவர்கள் சொல்லும் வைஃபை கருவியை வைத்தால் போதும். பயனாளர் ஒவ்வொருவரும் தன் எண்ணில் உள்ளே நுழைவதால் பொறுப்பும் தனித்தனியாகப் பிரிந்துவிடும்.

இத்தனை வருடம் இது பெரிதாகப் பரவாததற்கு ஒரு காரணம், இந்தக் கடைக்காரர்களிடம் சில நிறுவனங்கள் வணிக நிறுவனத்துக்கான விலையைக் கேட்டதுதான். 2025 ஜூனில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் அதற்கு வரம்பு கட்டியது. 200 எம்பிபிஎஸ் வரையுள்ள வீட்டு ஃபைபர் பிளான்களைப் பொதுத் தரவு அலுவலகங்களுக்கு வீட்டு விலையைப் போல இரண்டு மடங்குக்கு மேல் விற்கக்கூடாது என்று ஆணை போட்டது. 399 ரூபாய் பிளானுக்கு உச்ச விலை 798, வரியோடு 942. பத்து வீடு பகிர்ந்தால் வீட்டுக்கு 94 ரூபாய். கருவிச் செலவு முதலில் ஒருமுறை வரும். குடியிருப்போர் நலச்சங்கமோ சுய உதவிக் குழுவோ இதை எடுத்துச் செய்தால் மூலக்கொத்தளத்தில் ஒரு பிளாக்கில் இருக்கும் அத்தனை பிள்ளைகளுக்கும் நெட் வந்துவிடும். இந்த அத்தியாயத்தில் சொல்லும் வழிகளிலேயே நான் அதிகம் நம்புவது இதைத்தான்.

சங்கம் இல்லாத பிளாக்கில் இன்னும் எளிய ஏற்பாடு ஒன்று செய்யலாம். இணைப்பு இருக்கும் ஒரு வீட்டில் மாலை ஆறிலிருந்து எட்டு வரை தளத்துப் பிள்ளைகள் சேர்ந்து உட்கார்ந்து படிப்பது. கொரோனா காலத்தில் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் 2021 அக்டோபரில் தொடங்கியபோது தன்னார்வலர்கள் இப்படித்தான் திண்ணையிலும் மாடிப்படியிலும் பிள்ளைகளை உட்காரவைத்தார்கள். பழகிய ஏற்பாடுதான், நெட்டுக்கும் அது பொருந்தும்.

வீட்டுக்கு வெளியே

வீட்டில் நெட் வரும்வரை பிள்ளை எங்கே போகலாம்? கொளத்தூரில் 2024 நவம்பர் 4இல் முதல்வர் படைப்பகம் திறக்கப்பட்டது. வடசென்னை வளர்ச்சித் திட்டத்தில் கட்டப்பட்ட அந்த இடத்தில் மிகக் குறைந்த கட்டணத்தில் மேசை, வைஃபை, புத்தகம் எல்லாம் கிடைக்கின்றன. மூலக்கொத்தளத்திலிருந்து ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை தினமும் மாலை போய்வரக்கூடிய தூரம் இல்லை; போட்டித் தேர்வுக்குப் படிக்கும் அண்ணன் அக்காக்களுக்குச் சரி. உங்கள் பகுதிக் கிளை நூலகத்தில் கணினி இருக்கிறதா, மாலை எத்தனை மணிவரை திறந்திருக்கும் என்று நேரில் போய்க் கேளுங்கள். ரயில் நிலையங்களில் ரயில்டெல் நாளுக்கு அரை மணி நேரம் இலவச வைஃபை தருகிறது. விண்ணப்பம் போடுவதற்கும் தேர்வு முடிவு பார்ப்பதற்கும் உதவும். இருட்டிய பிறகு பிள்ளையைத் தனியாக நிலையத்துக்கு அனுப்பிப் படிக்கவைப்பதை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

நெட்டே இல்லாமல் கிடைப்பதையும் விட்டுவிட வேண்டாம். 2019 ஆகஸ்ட் 26இல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சி கேபிளில் வருகிறது.

நெட் வந்த பிறகு

மூலக்கொத்தளம் என்றதும் தமிழ்நாட்டுக்கு நினைவு வருவது 1939இல் மொழிப்போரில் உயிர்விட்ட நடராசன், தாளமுத்து இருவரும் அடக்கமான இடம் என்பது. அந்த மண்ணில் தமிழ்வழியில் படிக்கும் பிள்ளை, கணக்குப் பாடத்தைத் தேடும்போது வேறு மொழியில் வரும் வீடியோக்களில் திணறக்கூடாது. பள்ளிக் கல்வித் துறை 2023இல் வெளியிட்ட மணற்கேணி செயலியில் 6 முதல் 12ஆம் வகுப்பு வரை பாடங்கள் தமிழிலும் ஆங்கிலத்திலும் இருக்கின்றன, கேள்விகளும் உண்டு. காசு கேட்காது, விளம்பரம் வராது. கருவியில் முதலில் ஏற்ற வேண்டியது இதுதான். காசு கட்டிச் சேரச் சொல்லிப் போனில் விரட்டும் கோச்சிங் செயலிகளுக்கு உங்கள் எண்ணைக் கொடுக்காதீர்கள். தவணைக் கடனில் கையெழுத்து வாங்கிவிடுவார்கள்.

பெற்றோரின் பயம் நியாயமானது. பாக்ஸின் டிஎன்எஸ் அமைப்பில் 1.1.1.3 என்று போட்டால் ஆபாசத் தளங்களில் பெரும்பாலானவை திறக்காது. இணைப்புக் கொடுக்க வரும் பையனிடமே கேட்டால் இரண்டு நிமிடத்தில் போட்டுத் தருவார். விளையாட்டில் பணம் போனாலோ, யாராவது மிரட்டினாலோ பிள்ளையை அடிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930க்குப் போன் செய்யுங்கள். குழந்தைகளுக்கான உதவிக்கு 1098.

ஆனால் இந்தப் பயம் பெண் பிள்ளை மேல் மட்டும் இறங்குவதைப் பார்க்கிறேன். தம்பிக்கு இரவு பதினொன்றுவரை போன், அக்காவுக்குப் பாத்திரம் தேய்த்துவிட்டு வந்தால் அரை மணி. கோழிக்கோட்டில் ஒரு கல்லூரி விடுதியில் மாலை ஆறிலிருந்து இரவு பத்துவரை மாணவிகள் போன் வைத்திருக்கக்கூடாது என்று விதி போட்டார்கள். ஒரு மாணவி எதிர்த்தார், விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்டார், வழக்குப் போட்டார். 2019 செப்டம்பர் 19இல் கேரள உயர்நீதிமன்றம் இணைய வசதி பெறுவது கல்வி உரிமையிலும் அந்தரங்க உரிமையிலும் அடங்கும் என்று தீர்ப்புச் சொல்லி அவரைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது. நீதிமன்றம் விடுதிக்குச் சொன்னதை நாம் வீட்டுக்குள்ளும் கடைப்பிடிக்கலாம். நேரத்தைப் பங்கு போட்டுச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். மகளுக்கும் மகனுக்கும் ஒரே அளவு.

நெட் பழுதானால் நிறுவனத்துக்குப் போன் செய்து புகார் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். எண் இல்லாத புகார் புகாரே இல்லை. தீராவிட்டால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு அந்த எண்ணோடு எழுதுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. டிராய் தனிநபர் புகாரை நேரடியாக விசாரிப்பதில்லை. நெட் இல்லாத நாள்களுக்குப் பணத்தைக் கழிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

கேட்க வேண்டிய இடங்கள்

இதுவரை சொன்னதெல்லாம் குடும்பமும் தெருவும் தம் கைப்பணத்தில் செய்வது. அரசு செய்ய வேண்டியதும் இருக்கிறது. அதைக் கேட்பதும் இந்த வழிகாட்டியின் பகுதிதான்.

2021 ஜனவரியில் தமிழ்நாடு அரசு 9.69 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு நாளுக்கு 2 ஜிபி டேட்டா அட்டையை ஏப்ரல் வரை இலவசமாகத் தருவதாக அறிவித்தது. பள்ளி மாணவர்கள் அதில் இல்லை. 2025-26 நிதிநிலை அறிக்கையில் மடிக்கணினி திரும்ப வந்தது, 20 லட்சம் பேருக்கு. அதுவும் கல்லூரி மாணவர்களுக்கு. தமிழ்நாடு ஃபைபர்நெட் நிறுவனம் 12,525 கிராம ஊராட்சிகளுக்குக் கண்ணாடி இழை கொண்டுபோகும் வேலையைச் செய்கிறது. மூலக்கொத்தளம் ஊராட்சி இல்லை. நகரத்துக்குள் இருப்பதாலேயே நெட் இருக்கும் என்று எடுத்துக்கொண்டுவிட்டார்கள். பள்ளியில் படிக்கும், சென்னைக்குள் வசிக்கும் ஏழைப் பிள்ளை எந்தத் திட்டத்திலும் சேராமல் நடுவில் நிற்கிறது.

கேரளம் 2023 ஜூன் 5இல் கே-ஃபோன் இணையத் திட்டத்தைத் தொடங்கியபோது 20 லட்சம் ஏழைக் குடும்பங்களுக்கு இலவச இணைப்பு என்பதை இலக்காக வைத்தது. முதல் கட்டமாகத் தொகுதிக்கு நூறு வீடு என்று 14,000 வீடுகளை எடுத்தது. இலக்குக்கு இன்னும் வெகுதூரம் போக வேண்டும் என்றாலும், யாருக்குக் கொடுக்க வேண்டும் என்பதில் அவர்களுக்குக் குழப்பம் இல்லை: வீட்டுக்கு. அமெரிக்காவில் இணையக் கட்டணத்தில் மாதம் 30 டாலர் கழிவு தரும் திட்டத்தில் 2.3 கோடிக் குடும்பங்கள் சேர்ந்திருந்தன. நாடாளுமன்றம் பணம் ஒதுக்காததால் 2024 ஜூன் 1ஓடு அது நின்றுபோனது. மாதக் கழிவு ஆட்சியாளர் மனம் மாறினால் நின்றுவிடும். குடியிருப்புக்குள் இழுத்துவிட்ட ஒயர் அங்கேயே இருக்கும். எனவே நாம் கேட்பதில் முதலிடம், ஒவ்வொரு வாரியக் குடியிருப்பு பிளாக்குக்கும் கட்டும்போதே ஃபைபர் குழாயும் படிப்பறைக்கு ஒரு வைஃபையும்.

கேட்கும் இடங்கள் இரண்டு. ஒன்று, பள்ளி மேலாண்மைக் குழு. அதில் பெரும்பான்மை பெற்றோர்தான். பள்ளியின் கணினி அறையை மாலை ஒரு மணி நேரம் கூடுதலாகத் திறந்துவைக்கத் தீர்மானம் போடச் சொல்லுங்கள். வீட்டில் நெட் இல்லாத மாணவர்களின் வகுப்புவாரிப் பட்டியலைத் தீர்மானத்தோடு இணையுங்கள். மற்றொன்று, வார்டு ஏரியா சபை. 2022இல் விதிகள் வந்த பிறகு நவம்பர் 1 உள்ளாட்சிகள் தினத்தை ஒட்டிக் கூடத் தொடங்கிய சபை அது. மாமன்ற உறுப்பினர் தலைமையில் கூடும்போது, வாய்வார்த்தையாகச் சொல்லாமல், பிளாக் எண், பள்ளி செல்லும் பிள்ளைகளின் எண்ணிக்கை, இணைப்பு உள்ள வீடுகள், இல்லாத வீடுகள் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். நகல் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பிளாக்கில் அந்தக் கணக்கை இதுவரை யாரும் எடுத்திருக்கமாட்டார்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு பிளஸ் ஒன் பிள்ளைகளிடம் ஒரு நோட்டும் பேனாவும் கொடுத்து, தரைத்தளத்திலிருந்து தொடங்கச் சொல்லுங்கள்.